பைக்குல கொடி கட்டப் போறியா தம்பி? அக்கா சொல்றதைக் கேட்டுட்டுக் கட்டு

பைக்குல கொடிக்கம்பு மாட்டும்போது முதல்ல யோசிக்க வேண்டியது அதை எப்படிக் கழட்டுறதுன்னுதான் தம்பி. ஸ்பேனர் தேடாம, வெறும் கையால, ஒரு நிமிஷத்துக்குள்ள கொடியையும் கம்பையும் இறக்கி வண்டியோட பக்கவாட்டுல கிடத்திக் கட்டிட முடியணும். அந்த ஏற்பாடு இல்லாம எந்தக் கொடியும் வண்டிக்கு ஏறக்கூடாது. ஏன்னா நம்ம கன்னியாகுமரி ஜில்லா அப்படி. பத்மநாபபுரம் கோட்டைக்குள்ள இலை அசையாம நிக்கும். தக்கலை இறங்கி, நாகர்கோவில் தாண்டி, ஆரல்வாய்மொழி போய்ச் சேர்ந்தா காத்து ஆளையே தள்ளும். நடுவுல மழை ஒண்ணு சொல்லாம வந்து விழும். பார்வதிபுரம் மேம்பாலத்துல ஏறினதும், கீழே கட்டடம் மறைச்சிருந்த காத்து மொத்தமா வந்து மோதும். அங்கெல்லாம் கொடியை இறக்கணும்னு தோணும்போது, ஓரங்கட்டி இறக்கிட்டு உடனே கிளம்ப முடியணும். இதுக்கு மேல நான் சொல்லப் போறது எல்லாமே இந்த ஒரு காரியத்தைச் சுத்தித்தான்.

அடுத்தது அளவு. நம்ம பையன்மாருக்கும் எனக்கும் எப்பவும் தகராறு இதுலதான். அஞ்சுக்கு மூணு அடி வேணும்பாங்க. இந்தியக் கொடிச் சட்டத்துல தேசியக் கொடிக்கு 9 அளவு சொல்லியிருக்கு. எல்லாத்துலயும் பெரிசு 6300 மில்லிமீட்டருக்கு 4200. எல்லாத்துலயும் சிறிசு 150க்கு 100, அது மேசை மேல வைக்கிறது. மோட்டார் காருக்குன்னு ஒதுக்கின அளவு எவ்வளவு தெரியுமா? 225க்கு 150. பள்ளிக்கூட நோட்டை விடச் சிறிசு. நாலு சக்கரத்துல, டன் கணக்குல எடையோட போற கவர்னர் காருக்கே அவ்வளவு போதும்னு வச்சிருக்காங்க. ரெண்டு சக்கரத்துல, உடம்பைச் சாய்ச்சுச் சாய்ச்சு வண்டியை நிறுத்திக்கிட்டுப் போற நீ அஞ்சடிக் கொடி கேக்குறது சரியா?

நான் சொல்ற அளவு இது. ஹைவேல போறதுக்கு 450க்கு 300, அதாவது ஒன்றரை அடிக்கு ஒரு அடி. அதுக்கு மேல கிடையாது. ஊருக்குள்ள 30 கி.மீ. வேகத்தைத் தாண்டாத ஊர்வலம்னா மூணுக்கு ரெண்டு அடி கட்டலாம். அதை விடப் பெரிய கொடின்னா உருட்டிச் சுத்திக் கொண்டு போ, போய்ச் சேர்ந்த இடத்துல விரிச்சுப் பிடி. போட்டோல பெரிசாத் தெரியணும்னா வண்டி நின்ன பிறகு பிடிச்ச கொடிதான் பெரிசா, நேரா, சுருங்காமத் தெரியும்.

காத்துக் கணக்கு ரொம்ப எளிசு. வேகம் ரெண்டு மடங்கானா காத்தோட தள்ளு நாலு மடங்காகும். 60 கி.மீ. வேகத்துல, காத்துக்கு நேர்குறுக்கே நிக்கிற ஒரு சதுர மீட்டர் பரப்பு மேல சுமார் 17 கிலோ எடைக்கு அழுத்தம் விழும். 80ல 30 கிலோ. 100ல 47. துணி காத்தோட போக்குல நீண்டு பறக்கிறதால அவ்வளவும் அதுமேல விழாது, வாஸ்தவம். ஆனா துணி சும்மா நீண்டு கிடக்கிறதில்ல, படபடன்னு அடிச்சுக்கும். ஒவ்வொரு அடியும் கம்போட நுனியை வெடுக்குன்னு இழுக்கும். கம்பு எவ்வளவு நீளமோ அவ்வளவுக்கு அந்த இழுப்பு கீழே இருக்கிற போல்ட்டுல பெருகும். மூணடிக் கம்பைத் தாங்குற அதே போல்ட்டுக்கு ஆறடிக் கம்புல ரெட்டிப்புப் பாரம். அதனால கம்போட நுனி உன் ஹெல்மெட் உச்சிக்கு மேல ஒரு முழத்தைத் தாண்ட வேண்டாம். இன்னொரு காரணமும் இருக்கு. நம்ம கோட்டைக்குள்ள இருக்கிற சந்துகள்ல கேபிள் வயரும் தென்னை ஓலையும் எவ்வளவு தாழ்வாத் தொங்குதுன்னு உனக்கே தெரியும்.

அமெரிக்காக்காரங்க பெரிய பெரிய கொடி கட்டிப் போற வீடியோவைக் காட்டி என்கிட்ட வாதாடாதே. 2005ல கான்சாஸ் மாநிலத்துல தொடங்கின பேட்ரியட் கார்டு ரைடர்ஸ் மாதிரி அமைப்புல இருக்கிறவங்க, ராணுவ வீரர்களோட இறுதி ஊர்வலத்துக்குத் துணையாப் போறவங்க. அங்கே ஓடுற கோல்டு விங் மாதிரி வண்டி 350 கிலோவுக்கு மேல. டிரெய்லர் இழுக்கிறதுக்குன்னு சேசிஸ்ல பூட்டின கனத்த இரும்புல கம்பை நிறுத்துவாங்க. நம்ம ஹிமாலயன் பைக் 200 கிலோ பக்கம்தான் வரும், அந்த மாதிரி இரும்பும் நம்ம வண்டியில கிடையாது. டெல்லி குடியரசு தின அணிவகுப்புல ராணுவ சிக்னல்ஸ் படையோட டேர்டெவில்ஸ் குழு மோட்டார் சைக்கிள்ல செய்யுற சாகசத்தையும் இங்கே கொண்டு வராதே. அது போக்குவரத்தை அடைச்ச ரோடு, நெடுநாள் பயிற்சி, மெதுவான வேகம்.

சரி, எங்கே மாட்டுறது? பின்பக்கம், சேசிஸோட நேராப் பிடிப்பு உள்ள இரும்புல. பின் கேரியர், பன்னியர் மாட்டுற ஸ்டே, இல்லன்னா கிராப் ரெயில் போல்ட் இறங்குற இடம். இந்த மூணை விட்டா வேற எங்கயும் வேண்டாம். ஹேண்டில்பார்ல கட்டினா கொடி இழுக்கிற பக்கம் ஸ்டியரிங் போகும். லெக் கார்டுல கட்டினா துணி ஹெட்லைட்டை மறைக்கும், முன்சக்கரத்துக்கும் எட்டும். மட்கார்டு, நம்பர் பிளேட், இண்டிகேட்டர் தண்டு எல்லாம் அதது அதோட எடையைத் தாங்கத்தான் செஞ்சிருக்கு. டாப் பாக்ஸோட மூடி பிளாஸ்டிக், அதுல துளை போட்டா மழைத் தண்ணியும் உள்ளே போகும், ஒரு நாள் மூடியே கையோட வரும். சாரி கார்டுல கட்டுறவங்களையும் பார்த்திருக்கேன். பின்னால உக்காருறவங்க துணி சக்கரத்துல சிக்காம இருக்கத்தான் அதை வைக்கச் சொல்லி மோட்டார் வாகன விதியே இருக்கு. துணியைச் சக்கரத்துல இருந்து காப்பாத்த வச்ச கம்பியில போய்ப் பறக்கிற துணியைக் கட்டாதே.

நான் வெல்டிங் பட்டறை வீட்டுல வளர்ந்தவ. அங்கே செஞ்சு கொடுக்கிற, கம்பை நிறுத்துற மாட்டியை அப்படியே சொல்றேன், தக்கலையில எந்தப் பட்டறைல சொன்னாலும் செஞ்சு தருவாங்க. 5 மில்லிமீட்டர் கனத்துல உள்ளங்கை அகல இரும்புப் பிளேட் ஒண்ணு. அதுமேல ஒரு சாண் உயரத்துக்குக் குழாய்த்துண்டு ஒண்ணை நிறுத்தி நாலு பக்கமும் வெல்டிங் வைக்கணும். குழாயோட அடி மூடியிருக்கணும், ஆனா மழைத் தண்ணி வடிய ஒரு சின்ன ஓட்டை வேணும். குழாய் நேரா நிக்காம லேசாப் பின்னால சாஞ்சு நிக்கட்டும், அப்பத்தான் துணி உன் முதுகை விட்டு விலகிப் பறக்கும். கொடிக்கம்பு அந்தக் குழாய்க்குள்ள ஆடாம இறங்கணும். கம்பு உள்ளே கடகடன்னு ஆடினா ரெண்டு நாள்ல துளை அகண்டு போயிடும். குழாயையும் கம்பையும் சேர்த்துக் குறுக்கே ஒரு துளை போட்டு, டிராக்டர் ஸ்பேர்ஸ் கடையில கிடைக்கிற வளையம் வச்ச பின் ஒண்ணை மாட்டு. கையால இழுத்தா வரும், குலுக்கினா வராது. ஒரு நிமிஷத்துல கழட்டணும்னு சொன்னேனே, அது இந்தப் பின் இருந்தாத்தான் முடியும். பின் தொலையாம இருக்க அதை ஒரு சின்னச் செயின்ல கோத்து பிளேட்டோட கட்டிடு.

பிளேட்டைக் கேரியரோட ரெண்டு யூ போல்ட் வச்சுப் பூட்டு. ஒண்ணுக்கொண்ணு தள்ளி இருக்கணும். ஒரே போல்ட்டுன்னா கம்பு அதைச் சுத்தித் திரும்பும். இடையில பழைய சைக்கிள் டியூப் வெட்டி வை, பெயிண்ட்டும் உரியாது, அதிர்வும் குறையும். நட்டு எல்லாம் நைலாக் நட்டா இருக்கட்டும். சாதா நட்டு கொடியோட படபடப்புக்குத் தானாவே சுத்திக் கழண்டு வரும். கேபிள் டை மட்டும் போட்டுக் கட்டுறதை ஒத்துக்கவே மாட்டேன். வெயில்ல கிடந்த டை எப்போ அறும்னு யாராலயும் சொல்ல முடியாது. ஒரு முக்கியமான காரியம்: வண்டியோட சேசிஸ்ல நேரா வெல்டிங் வைக்க விடாதே. அந்தச் சூட்டுல குழாயோட பலம் போகும், இப்ப வர்ற வண்டிகள்ல இருக்கிற எலக்ட்ரானிக் சாமானும் கெடும். வெல்டிங் எல்லாம் பிளேட்டைத் தனியாக் கழட்டி வச்சு முடிச்சுட்டு வரணும்.

மாட்டியை நடுவுல, டெயில் லாம்ப்புக்கு நேர் மேல வைக்க முடிஞ்சா ரொம்ப நல்லது. முடியலன்னா இடப்பக்கம். வலப்பக்கம் உன்னை ஓவர்டேக் பண்ற பஸ்ஸோட கண்ணாடியில துணி போய் மாட்டும்.

கம்புக்குக் கண்ணாடி நார்க் கம்பி, அதாவது ஃபைபர் கிளாஸ் ராடு நல்லது. வளையும், சட்டுன்னு ஒடியாது, கரண்ட்டும் கடத்தாது. இரும்புப் பைப்பு வேண்டாம், வண்டி சாஞ்சா அது ஈட்டி மாதிரி யார் மேலயாவது ஏறும். வயர் இழுக்கிற பிவிசி பைப்பு வெயில்ல காய்ஞ்சு முறியும், முறிஞ்ச இடம் கத்தி கணக்கா இருக்கும். மூங்கில் ஊர்வலத்துக்குச் சரி, நெடும்பயணத்துல வெடிச்சுக் கீறும். எதுவானாலும் நுனிக்கு ஒரு ரப்பர் மூடி போடு. கம்போட அடியில இருந்து கேரியருக்கு ஒரு கைநீளத்துக்கும் குறைவான நல்ல கயிறு ஒண்ணைக் கட்டி வை. மாட்டின பின் கழண்டு போனாலும் கம்பு பறந்து பின்னால வர்றவன் முகத்துல அடிக்காது. கயிறு நீளமா இருந்தா அதுவே சக்கரத்துக்குள்ள போகும், அதனால குட்டையாவே இருக்கட்டும்.

கம்பை இப்படிப் பலமாக் கட்டச் சொன்ன நான் துணியை அப்படிக் கட்டச் சொல்ல மாட்டேன். கொடித்துணி வேற வண்டியிலயோ முள்வேலியிலயோ மாட்டினா துணி பிய்ச்சுக்கிட்டுப் போகணும், உன்னையும் வண்டியையும் சேர்த்து இழுக்கக் கூடாது. நைலான் கயிறு, கட்டுக்கம்பி எதுவும் துணிக்கு வேண்டாம். கம்பு நுழையிற மடிப்பை முழுசாத் தைக்காம வெல்க்ரோ வச்சு ஒட்டுற மாதிரித் தைக்கச் சொல்லு. இல்லன்னா பருத்தி நாடாவால மேலயும் கீழயும் ஒரு முடிச்சு போதும்.

இனி சொல்லப்போற சோதனையைச் செய்யாம வண்டியை எடுக்காதே மக்கா. கொடியைக் கட்டி முடிச்சுட்டு, வண்டியைச் சென்டர் ஸ்டாண்டு போட்டு நிறுத்து. சென்டர் ஸ்டாண்டு இல்லாத வண்டின்னா ஒருத்தரை நேராப் பிடிச்சுக்கச் சொல்லு. இப்போ கொடியோட மேல் முடிச்சை அவுத்து விடு. துணி கீழ் முடிச்சுல மட்டும் தொங்கும். மூணுக்கு ரெண்டு அடிக் கொடின்னா அதோட எதிர்முனை கீழ் முடிச்சுக்குக் கீழே மூணரை அடி வரைக்கும் எட்டும். அந்த முனையைக் கையில பிடிச்சு முன்னால, பின்னால, ரெண்டு பக்கமும் இழுத்துப் பாரு. டயரைத் தொடுதா? செயினைத் தொடுதா? சைலன்சர்ல படுதா? எதையாவது தொட்டா அந்தக் கொடி உன் வண்டிக்குப் பெரிசு, அவ்வளவுதான். ஓடும்போது மேல் முடிச்சு அறுந்தா துணி இதே இடங்களுக்குத்தான் போகும். 1927 செப்டம்பர் 14ஆம் தேதி பிரான்ஸ் நாட்டு நீஸ் நகரத்துல நாட்டியக்காரி இசடோரா டங்கன் செத்துப்போனது இப்படித்தான். கழுத்துல போட்டிருந்த நீளத் துணி கார்ச் சக்கரத்துல சுத்திக்கிச்சு. நம்ம ஊர்ல துப்பட்டா சிக்கி விழுறவங்களைப் பத்தி நீயும் கேள்விப்பட்டிருப்பே. சக்கரம் துணியை இழுக்க ஆரம்பிச்சா பிரேக் பிடிக்கக்கூட நேரம் இருக்காது.

துணி எதுன்னா, வலைபோல் பின்னின பாலியெஸ்டர் நல்லது. காத்தைக் கொஞ்சம் உள்ளே விடும், மழையில நனைஞ்சாலும் சீக்கிரம் காயும். சாட்டின் பளபளன்னு இருக்கும், ஒரே பயணத்துல ஓரம் நூல் நூலாப் பிரிஞ்சு நிக்கும். பறக்கிற ஓரத்துல ஒரு தையல் பத்தாது, மடிச்சு நாலு வரிசை போடச் சொல்லு, மூலைக்கு உள்ளே ஒரு ஒட்டுத்துணி வச்சுத் தைக்கணும். நூல் பிரிய ஆரம்பிச்சா அந்த அளவுக்கு வெட்டிட்டுத் திரும்ப மடிச்சுத் தை. பிரிஞ்ச நூல்தான் செயினுக்குள்ள முதல்ல போறது.

பின்னால வர்றவனுக்கு டெயில் லாம்ப், ரெண்டு இண்டிகேட்டர், நம்பர் பிளேட் நாலும் தெரியணும், வண்டி ஓடும்போதும் தெரியணும், நின்னு துணி தொங்கும்போதும் தெரியணும். அதைப் பார்க்க ஒருத்தரைப் பின்னால வேற வண்டியில வரச்சொல்லு.

இனி தேசியக் கொடி. கொஞ்சம் நிதானமாக் கேளு, ஏன்னா இதுல நிறைய பேருக்குத் தெளிவு இல்ல. காஷ்மீர்ல இருந்து கன்னியாகுமரி வரைக்கும்னு எழுதி ஒட்டிட்டு வர்ற வண்டிகள்ல பாதிக்கு மேல மூவர்ணக் கொடி பறக்கும். பார்க்க எனக்கும் நெஞ்சு நிறையத்தான் செய்யும். ஆனா சட்டப்படி அது கூடாது. 2002 ஜனவரி 26ல நடைமுறைக்கு வந்த இந்தியக் கொடிச் சட்டப்படி, வாகனத்துல தேசியக் கொடி பறக்கவிடுற உரிமை குடியரசுத் தலைவர், துணைக் குடியரசுத் தலைவர், கவர்னர்கள், பிரதமர், மந்திரிகள், முதலமைச்சர்கள், சபாநாயகர்கள், சுப்ரீம் கோர்ட் ஹைகோர்ட் நீதிபதிகள், வெளிநாட்டுல இருக்கிற நம்ம தூதர்கள் மாதிரிக் குறிப்பிட்ட சிலருக்குத்தான். 2004ல சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்த பிறகு மரியாதையோட கொடி ஏத்துறது ஒவ்வொரு குடிமகனோட உரிமைன்னு ஆச்சு. 2021 டிசம்பர்ல பாலியெஸ்டர் கொடிக்கும் அனுமதி வந்துது. 2022 ஜூலைல வீட்டுல ராத்திரியும் பறக்கலாம்னு மாத்தினாங்க. இந்த மூணும் வாகன விதியைத் தளர்த்தலை. வண்டியோட மேலயோ பக்கத்துலயோ பின்னாலயோ கொடியைப் போர்த்துறதும் கூடாது, அதனால டேங்க் மேல விரிக்காதே. கொடியில எழுதவும் கூடாது. வழியில பார்க்கிறவங்ககிட்ட எல்லாம் கொடியில கையெழுத்து வாங்குற பழக்கம் இருக்கே, அதை விடு, அதுக்கு ஒரு வெள்ளைத் துணி வச்சுக்கோ. 1971ஆம் வருஷத்துத் தேசிய கௌரவ அவமதிப்புத் தடுப்புச் சட்டத்துல 3 வருஷம் வரைக்கும் ஜெயில் தண்டனைக்கு இடம் இருக்கு.

நீ செய்ய வேண்டியது இதுதான். கொடியைப் படுக்கை வாக்குல வச்சு, காவியையும் பச்சையையும் வெள்ளைக்கு அடியில மடி. பிறகு ரெண்டு பக்கத்தையும் உள்ளே மடிச்சா அசோகச் சக்கரம் மட்டும் மேலே தெரியும், ரெண்டு பக்கமும் காவியும் பச்சையும் கொஞ்சம் தெரியும். அதைச் சுத்தமான பையில வச்சு, டாப் பாக்ஸுல எல்லாத்துக்கும் மேல வை. ஜாக்கெட், ஷூ, செயின் ஆயில் எதுவும் அதுமேல வரக்கூடாது. குமரிமுனையில இறங்கி, ரெண்டு கையாலயும் விரிச்சுப் பிடி, காவி மேலே இருக்கட்டும். அத்தனை கிலோமீட்டர் வெயில்லயும் புழுதியிலயும் டீசல் புகையிலயும் அடிபட்டுக் கிழிஞ்சு தொங்குற கொடியைவிட, மடிப்பு கலையாமக் கொண்டுவந்து சேர்த்த கொடிக்குத்தான் கௌரவம்னு நான் நினைக்கிறேன்.

அப்போ வண்டியில எந்தக் கொடி? உன் ரைடர்ஸ் கிளப் கொடி, பந்து விளையாட்டு டீம் கொடி, கோயில் திருவிழாக் கொடி, கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்குப் போறவங்க கட்டுற கொடி. நவம்பர் 1, 1956ல நம்ம ஜில்லா தமிழ்நாட்டோட சேர்ந்த நாளை ஊர்வலமாக் கொண்டாடப் போறீங்கன்னா அதுக்கும் கட்டலாம், முதல்ல போலீஸ் ஸ்டேஷன்ல அனுமதி வாங்கிட்டு. நவராத்திரிக்கு நம்ம பத்மநாபபுரம் அரண்மனையில உடைவாள் கைமாறி, தேவாரக்கட்டு சரஸ்வதியும் வேளிமலை முருகனும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் திருவனந்தபுரத்துக்குப் புறப்படுற அன்னைக்கு மட்டும், கொடியோட பைக்கை அந்தப் பக்கம் கொண்டு வராதே. கோட்டை ரோடு குறுகல், சனம் நெருக்கம். யானை நிக்கிற எந்த ஊர்வலத்துலயும் படபடக்கிற துணியை அது பக்கத்துல கொண்டு போகவே கூடாது.

இப்போ காத்துக்கு வருவோம். ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் தென்மேற்குப் பருவக்காத்து அரபிக்கடல்ல இருந்து வந்து, மேற்குத் தொடர்ச்சி மலையோட தெற்கு நுனியில இருக்கிற ஆரல்வாய்மொழிக் கணவாயில நெருக்கிப் புகுந்து வேகமெடுக்கும். பக்கத்துல முப்பந்தல்ல அத்தனை மின்சாரக் காத்தாடி நட்டிருக்கிறது அதனாலதான். 2026 உலகக் கோப்பைக் கால்பந்தும் ஜூன், ஜூலை மாசம்தான். அர்ஜென்டினா கொடியும் பிரேசில் கொடியும் வண்டிகள்ல ஏறுற நேரமும் இந்தக் காத்து நேரமும் ஒண்ணாப் போச்சு, அதான் இவ்வளவு விரிவாச் சொல்றேன்.

நாகர்கோவில்ல இருந்து காவல்கிணறு பக்கம் போகும்போது காத்து உன் முதுகுல அடிக்கும். நீ போற வேகமும் காத்தோட வேகமும் ஒண்ணானா கொடி பறக்காது, துவண்டு தொங்கிக் கம்பைச் சுத்திக்கும். அதைவிட மோசம், நீ வேகத்தைக் குறைக்கிற நேரம். லாரி முன்னால பிரேக் போட்டான், நீயும் போட்டே, பின்காத்து கொடியைத் தூக்கி முன்னால எறியும். ஹெல்மெட் வைசர் மேல துணி விழுந்தா உனக்கு ரோடே தெரியாது. திரும்பி வரும்போது எதிர்க்காத்து. நீ 60ல வர்றே, காத்து எதிரே 40ல வருதுன்னா கொடிக்கு அது 100. மேல சொன்ன 47 கிலோ கணக்கை இங்கே வச்சுப் பாரு.

காவல்கிணறுல இருந்து கன்னியாகுமரி நோக்கித் தெற்கே இறங்குற நாலுவழிச் சாலையில காத்து வலப்பக்கமா அடிக்கும். நீ விழாம இருக்க உன்னை அறியாமலே வலப்பக்கம் சாஞ்சு ஓட்டுவே. அப்போ ஒரு பெரிய லாரி வலப்பக்கம் ஓவர்டேக் பண்ணும். லாரி மறைச்ச நொடியில காத்து நின்னு போகும், சாஞ்சிருந்த நீ லாரி பக்கம் போவே. லாரி கடந்ததும் காத்து மொத்தமாத் திரும்ப அடிக்கும், நீ ரோட்டோரத்துக்குப் போவே. கொடி இல்லாத வண்டிக்கே இது உண்டு. பின்னால, உயரத்துல ஒரு துணி இருந்தா வண்டியோட பின்பக்கம் வாலாட்டும். காத்தாடி இறக்கை ஏத்திட்டு வர்ற நீள டிரெய்லர் வேற அந்த ரோட்டுல வரும், அதுக்குப் பக்கத்துல ரொம்ப நேரம் ஓட்டாதே.

அதனால மேற்கே இருந்து போறே, தோவாளை பூ மார்க்கெட் வந்ததும் ஓரங்கட்டிக் கொடியை இறக்கிடு. வடக்கே இருந்து வர்றே, வள்ளியூர்லயே இறக்கிடு. மார்த்தாண்டம் மேம்பாலம், பார்வதிபுரம் மேம்பாலம் ரெண்டுலயும் காத்து நாள்ல கொடியோட ஏறாதே, கீழ்ரோட்டுல போ. வண்டி எப்போ வாலாட்ட ஆரம்பிச்சாலும் படார்னு பிரேக் பிடிக்காம, ஹேண்டிலை இறுக்கிப் பிடிக்காம, ஆக்சிலேட்டரைப் பைய விடு. வேகம் குறைஞ்சா ஆட்டம் தானா அடங்கும்.

முதல் தடவை கட்டினதும் நேரா ஹைவே ஏறாதே. காலையில ஆள் நடமாட்டம் இல்லாத ரோட்டுல 20, பிறகு 30, பிறகு 40னு ஏத்திப் பாரு. ஒவ்வொரு தடவையும் நிறுத்தி மாட்டியைக் கையால பிடிச்சு ஆட்டிப் பாரு, போல்ட்டைத் தொட்டுப் பாரு. முதல் 10 கிலோமீட்டருக்குள்ள பிடிப்பு கொஞ்சம் இளகலாம், அது சகஜம், நட்டை முறுக்கிடு. கம்பு குழாயில இருந்து வெளியே வர்ற அந்த விரல் அகல இடத்தை மட்டும் தினமும் கவனி. விரிசல் விழுந்தா அங்கேதான் விழும். வெள்ளையா மயிரிழைக் கோடு ஒண்ணு தெரிஞ்சாலே கம்பை மாத்திடு, ஒட்டுப் போட்டு ஓட்டாதே.

மழை வந்தா கொடி உள்ளே போகணும். நனைஞ்ச துணி கனமாகும், பக்கத்துல அடிச்சா கன்னம் வீங்கும். இருட்டினாலும் உள்ளே போகட்டும், துணி ஆடி உன் டெயில் லாம்ப்பை மறைச்சு மறைச்சுக் காட்டினா பின்னால வர்றவன் குழம்புவான். பின்னால ஆள் ஏத்தினாலும் கொடி வேண்டாம். அம்மா சேலையோட ஒருபக்கமா உக்காரும்போது அவங்க தலைக்குப் பக்கத்துல ஒரு கம்பு ஆடிக்கிட்டு நிக்கக் கூடாது.

கடைசியா, நிறுத்துறது. கன்னியாகுமரி கடற்கரையிலயும் சரி, நம்ம அரண்மனை வாசல்லயும் சரி, ஸ்டாண்டு போடுறதுக்கு முன்னால கொடியை இறக்கு. சைடு ஸ்டாண்டுல வண்டி இடப்பக்கம் சாஞ்சு நிக்கும், அதனால காத்து வலப்பக்கத்துல இருந்து வர்ற மாதிரி வண்டியைத் திருப்பி நிறுத்து. இடப்பக்கத்துல இருந்து அடிச்சா நிமித்தி மறுபக்கம் தள்ளிடும். முதல் கியர்ல போட்டு வை. மணல்னா ஸ்டாண்டுக்கு அடியில தட்டையா ஒரு கல் வை. உப்புக்காத்து பட்ட கொடியை வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணியில அலசி நிழல்ல காயப்போடு, பின்னுக்குக் கொஞ்சம் கிரீஸ் தடவி வை. துரு ஏறிப் பின் இறுகிப்போனா அடுத்த தடவை தோவாளையில கையால இழுத்தா வராது.